வயல் வரம்பிலிருந்து தொடங்குங்கள்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

வன்னியில் பிரயோகப் புள்ளிவிபரவியல் கற்பிக்கும் பீடங்களின் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம்.

பம்பைமடு வளாகம் 2021 ஆகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்து நடக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. இரண்டு இடத்திலும் வாசலைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனால் வயலும் குளமும்தான். ஆனால் புள்ளிவிபரவியல் படிக்கும் மாணவர் உலகத்தில் எங்கிருந்தாலும் முதலில் தொடும் தரவு, மென்பொருளோடு கூடவே வரும் 150 ஐரிஸ் பூக்களின் இதழ் அளவும் 1970களின் 32 கார்களின் எரிபொருட் செலவும்தான். அந்தத் தரவில் வெற்றுக் கட்டம் கிடையாது. அலகு குழம்பாது. யார் அளந்தார், எதை விட்டுவிட்டார் என்று கேட்கவும் இடமில்லை.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இரண்டாம் வருடத்தில், ஒரு முழுக் காலபோகத்தை (மாரி மழையோடு செய்யும் பெரிய நெற்போகத்தை) தழுவி, 4 கிரெடிட் கொண்ட ஒரு களப் பாடத்தைக் கட்டாயமாக்குங்கள். மாணவர் தாங்களே மாதிரியை வகுத்து, நெல்லை வெட்டி நிறுத்து, தரவைப் பதிந்து, துப்புரவாக்கி, வழுவோடு சேர்த்து மதிப்பீட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் 50 மணித்தியாலக் கற்றல், நான்குக்கு 200. அதில் 40 மணித்தியாலம் மாதிரிச் சட்டகத்துக்கும் (வயல்களைத் தெரிவதற்கான முழுப் பட்டியல்) மாதிரியை வகுப்பதற்கும், 60 வயலில், 50 தரவுப் பதிவுக்கும் துப்புரவுக்கும், 30 பகுப்பாய்வுக்கு, 20 அறிக்கைக்கு என்று பிரிக்கலாம். பகுப்பாய்வுக்கு 30 போதுமா என்று கேட்பீர்கள். போதும். அதற்கு முந்திய 150 மணித்தியாலமும் ஒழுங்காகப் போயிருந்தால் பகுப்பாய்வு நீளாது.

நெல்லைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விளைச்சலை வாய்ச்சொல்லில் எழுதத் தேவையில்லை, தராசில் வைக்கலாம். இந்தத் துறையே வயலில் வளர்ந்தது. பிரித்தானியப் புள்ளிவிபரவியலாளர் பிஷர் 1919இல் ரொதாம்ஸ்ரெட் விவசாய ஆய்வு நிலையத்துக்குப் போன பிறகுதான் பரிசோதனைகளை வகுப்பது ஒரு துறையாக உருப்பெற்றது. 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளிவிபர நிறுவனத்தை நிறுவிய மகலனோபிஸ் சணல் வயல்களிலும் நெல் வயல்களிலும் மாதிரி அளவீட்டை நடத்தினார். வெட்டும் துண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் அவருக்கும் இன்னொரு இந்தியப் புள்ளிவிபரவியலாளரான சுகாத்மேக்கும் நடந்த வாதத்தை மாணவர் வகுப்பில் கேட்டு விளங்கிக்கொள்வதைவிட வரம்பில் நின்று விளங்கிக்கொள்வது சுலபம். 1 மீற்றர் சதுரத்துக்குச் சுற்றளவு 4 மீற்றர், பரப்பு 1 சதுர மீற்றர். 5 மீற்றர் சதுரத்துக்குச் சுற்றளவு 20, பரப்பு 25. அதாவது ஒரு சதுர மீற்றருக்கு 0.8 மீற்றர் எல்லை. சிறிய துண்டில் ஐந்து மடங்கு எல்லை இருக்கிறது. எல்லையில் நிற்கும் பயிரை உள்ளே சேர்ப்பதா வெளியே விடுவதா என்ற சந்தேகம் வரும்போது கை தானாகவே உள்ளே இழுக்கும். அதனால் சிறிய துண்டு விளைச்சலைக் கூட்டிக் காட்டும்.

ஆகவே 5 மீற்றருக்கு 5 மீற்றர் என்று வையுங்கள். 25 சதுர மீற்றர் என்பதால் கிலோவை 400ஆல் பெருக்க ஹெக்டேயர்க் கணக்கு வந்துவிடும்.

துண்டை எங்கே போடுவது என்பதை மாணவரின் கண்ணிடம் விடக் கூடாது. வயல் 60 மீற்றர் நீளம், 35 மீற்றர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் 5ஐக் கழிக்க 55, 30. தென்மேற்கு மூலைதான் தொடக்கம் என்பதை வளாகத்தை விட்டுப் புறப்படும் முன்பே எழுதி வைக்க வேண்டும். 0க்கும் 55க்கும் இடையில் ஒரு எழுமாற்று எண் (குலுக்கலில் விழுவதுபோன்ற எண்), 0க்கும் 30க்கும் இடையில் இன்னொன்று. 41உம் 17உம் வந்தால் நீளப்பக்கம் 41 மீற்றர், உள்ளே 17 மீற்றர் போய் முதல் கம்பை ஊன்ற வேண்டும். அந்த இடத்தில் பயிர் சாய்ந்திருந்தாலும் பன்றி உழக்கியிருந்தாலும் அதுதான் துண்டு. “இது நல்லாயில்லை, அங்கால வெட்டுங்கோ தம்பி” என்று கமக்காரர் அன்போடு சொல்வார். அவருக்குத் தன் வயலின் நல்ல முகத்தைக் காட்ட விருப்பம். அந்த இடத்தில் தம்பி மறுக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஏன் மறுக்கிறார் என்பதை அவருக்கு விளங்கச் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். சிறு குளங்களின் கீழுள்ள வயல்களில் வரம்பு வளைந்து வளைந்து போகும். அப்படியான வயலைச் சுற்றி ஒரு செவ்வகத்தைக் கற்பனை செய்துகொண்டு, புள்ளி வயலுக்கு வெளியே விழுந்தால் அடுத்த எண்சோடியை எடுப்பதே முறை. கிட்ட இருக்கும் பயிருக்குத் தள்ளிப் போடக் கூடாது.

நான்கு கம்பும் ஊன்றியதும் மூலைவிட்டத்தை அளக்க வேண்டும். இரண்டும் 7.07 மீற்றர் வந்தால்தான் சதுரம். நைலோன் கயிற்றைக் கொண்டு போகாதீர்கள். அது இழுபடும். ஒவ்வொரு பக்கமும் 10 சென்ரிமீற்றர் கூடினால் பரப்பு 26.01 ஆகிவிடும், விளைச்சல் 4 வீதம் கூடிப் போகும். எல்லா வயலிலும் அதே கயிறு என்றால் எல்லா வயலிலும் அதே 4 வீதம். இருநூறு துண்டு வெட்டினாலும் அந்த வழு சராசரியில் கரைந்து போகாது. எழுமாற்று வழுவுக்கும் முறைசார் வழுவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு கயிற்றை வைத்தே கற்பிக்கலாம். கயிற்றின் கீழ் நிற்கும் பயிருக்கு விதி ஒன்றே: வேர் உள்ளே என்றால் பயிரும் உள்ளே, கதிர் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும்.

வெட்டிய கதிரைப் படங்கு விரித்து அதன் மேலேயே அடித்து, தூற்றி, பதரை நீக்கி நிறுக்க வேண்டும். சாக்கின் நிறையைக் கழிக்க மறப்பது வழக்கமான பிழை. தராசில் 100 கிராம் தவறினால் ஹெக்டேயருக்கு 40 கிலோ தவறும். அடுத்தது ஈரப்பதம். மூன்று முறை அளந்து இடையை (சராசரியை) எடுத்து, 14 வீதத்துக்குத் திருத்த வேண்டும்: நிறையை, 100இலிருந்து ஈரப்பத வீதத்தைக் கழித்து வருவதால் பெருக்கி, 86ஆல் வகுப்பது. 12.5 கிலோ நெல், ஈரப்பதம் 20 வீதம் என்றால் திருத்திய நிறை 11.63 கிலோ, ஹெக்டேயருக்கு 4,651 கிலோ. ஏக்கர்க் கணக்கில் 1,882 கிலோ, புசல் 20.87 கிலோ என்று கொண்டால் ஏறத்தாழ 90 புசல். திருத்தாமல் விட்டால் 97 புசல் வரும். ஏழு புசல் வெறும் தண்ணீர். பனி காயுமுன் காலை ஏழு மணிக்கு வெட்டிய துண்டையும் உச்சி வெயிலில் வெட்டியதையும் ஈரப்பதம் பார்க்காமல் ஒப்பிட்டு, இந்தக் குளத்தடி அந்தக் குளத்தடியைவிட நல்லது என்று முடிவு கட்டினால் அந்த முடிவு பனியைப் பற்றியதாகவே இருக்கும்.

இன்னொன்றையும் அறிக்கையில் எழுதப் பழக்குங்கள். துண்டு வெட்டி அளப்பது வயலில் நின்ற விளைச்சல். மெசின் வெட்டும்போது சிந்துவது கமக்காரரின் கைக்கு வராது. அவர் சொல்லும் மூடைக் கணக்கு நம் கணக்கைவிடக் குறைவாக இருந்தால் அவர் மறைக்கிறார் என்று எழுதிவிடக் கூடாது.

எத்தனை துண்டு வேண்டும்? பாடப்புத்தகச் சூத்திரத்தோடு நின்றுவிடும் கேள்வி இது. விளைச்சலின் மாறற் குணகம் (நியம விலகல் சராசரியில் எத்தனை வீதம் என்பது) 30 வீதம், விரும்பும் வழு எல்லை 5 வீதம் என்று கொள்வோம். 95 வீத நம்பிக்கை மட்டத்துக்குரிய 1.96ஐ 30ஆல் பெருக்கி 5ஆல் வகுத்து வர்க்கிக்க 138.3, அதாவது 139 துண்டு. இது ஒவ்வொரு வயலும் மற்றதிலிருந்து சுயாதீனமானது என்று நினைத்துப் போடும் கணக்கு. வன்னியில் அப்படி இல்லை. ஒரே குளத்துத் தண்ணீர் குடித்த வயல்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். வாய்க்கால் தலைப்பில் உள்ள வயல்கள் ஒருமாதிரி, கடைசியில் உள்ளவை வேறுமாதிரி. ஒரே கொத்துக்குள் (இங்கே ஒரு கிராமத்துக்குள்) உள்ள இணைபு, அதாவது வயல்கள் ஒத்திருக்கும் அளவு, 0.15 என்று வைத்து, ஒரு கிராமத்தில் 10 துண்டு எடுத்தால், பெருக்கும் காரணி 1 + 9 × 0.15 = 2.35. 327 துண்டு வேண்டும், 33 கிராமம். ஒரு கிராமத்தில் 4 மட்டும் எடுத்தால் காரணி 1.45. 202 துண்டு போதும், ஆனால் 51 கிராமத்துக்குப் போக வேண்டும். எது நல்லது என்பதைச் சூத்திரம் சொல்லாது. மோட்டார் சைக்கிள் எண்ணெய்ச் செலவு, ஒரு குழு ஒரு நாளில் வெட்டக்கூடிய துண்டுகள் (நால்வர் குழுவுக்கு மூன்றுக்கு மேல் வைக்காதீர்கள்), மழைக்குப் பின் உள்வீதியின் நிலைமை என்பவற்றைச் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இந்தக் கணக்கை மாணவரே போட்டு வாதாட வேண்டும்.

மாதிரியை மூன்று படையாக (ஒத்த வயல்கள் சேர்ந்த பிரிவுகளாக) பிரியுங்கள்: பெரிய நீர்ப்பாசனம், சிறிய நீர்ப்பாசனம், மானாவாரி. 80 ஹெக்டேயர் வரை பாய்ச்சும் குளம் சிறிய நீர்ப்பாசனத்தில் அடங்கும். இரணைமடு, கட்டுக்கரைக்குளம், முத்தையன்கட்டு போன்றவற்றின் கீழுள்ள வயலையும் மழையை மட்டும் நம்பிய வயலையும் ஒரே பெட்டிக்குள் போட்டால் மாறற்றிறன் (விளைச்சல் சிதறும் அளவு) வீணாகப் பெருகும்.

சட்டகம் எங்கே கிடைக்கும்? கமநல சேவை நிலையங்களில் உள்ள பதிவுகளும் கமக்காரர் அமைப்புகளின் பெயர்ப்பட்டியலும் தொடக்கத்துக்கு உதவும். ஆனால் பட்டியலில் இருப்பவர் காணிக்காரராக இருக்கலாம். செய்கை பண்ணுபவர் குத்தகைக்காரராக இருப்பார். ஒரே காணி இரண்டு பெயரில் வரும். வெளிநாட்டில் இருப்பவரின் பெயரும் நிற்கும். காணியளவை ஒருவர் ஏக்கரில் சொல்வார், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர் ‘பரப்பு’ என்ற யாழ்ப்பாணக் காணி அலகில் சொல்வார். இரண்டையும் ஒரே நிரலில் எழுதினால் அந்த நிரலுக்கு அர்த்தமே இல்லை. சொன்னதைச் சொன்னபடியே ஒரு நிரலிலும் அலகை இன்னொன்றிலும் பதிந்து, மாற்றத்தை மூன்றாவதில் செய்ய வேண்டும்.

நிறைகொடுத்தல் (காணியின் அளவுக்கேற்பக் கணக்கில் பங்கு கொடுத்தல்) இல்லாத சராசரி மாவட்ட மொத்தத்தை எவ்வளவு தூரம் கெடுக்கும் என்பதற்கு மூன்று வயலே போதும். ஒரு ஏக்கரில் 60 புசல், இன்னொரு ஏக்கரில் 70, எட்டு ஏக்கர்க் காணியில் ஏக்கருக்கு 100. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 76.7. பத்து ஏக்கருக்கும் அதைப் பெருக்கினால் 767 புசல். உண்மையில் களத்துக்கு வந்தது 930. ஏக்கருக்கு 93. கமக்காரர் ஒருவரின் சராசரி நிலைமை என்னவென்று கேட்டால் 76.7க்கும் ஒரு பொருள் உண்டு. உற்பத்தியைக் கேட்டால் 93தான் விடை. ‘ஆர்’ மென்பொருளின் சர்வே தொகுதியில் படை, கொத்து, நிறை மூன்றையும் முதலில் அறிவித்துவிட்டால் நியம வழுவும் சரியாக வரும். மென்பொருள் இலவசம். அறிவிக்காமல் சாதாரண இடையை எடுத்தாலும் அது முறைப்பாடு இல்லாமல் ஒரு விடையைத் தரும் என்பதுதான் பயம்.

தரவுப் பதிவைத் தட்டச்சு வேலையென்று ஒதுக்காதீர்கள். எக்செலில் அரை ஏக்கரை 1/2 என்று அடித்தால் அது திகதியாக மாறிவிடும். பிறகு அந்த நிரலைக் கூட்டும்போது உள்ளே நாற்பத்தையாயிரத்துக்கு மேற்பட்ட ஓர் எண் ஒளிந்திருக்கும். 3/2 என்பது பெப்ரவரி 3ஆ, மார்ச் 2ஆ என்பது கணினியின் அமைப்பைப் பொறுத்தது. இரண்டுமே அருவி வெட்டு (நெல் அறுவடை) காலத்துக்குள் விழுவதால் கண்ணுக்கும் பிழை தெரியாது. திகதியை நாள், மாதம், வருடம் என்று மூன்று நிரலில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. மழைமானியில் 0 என்றால் மழை இல்லை. வெற்றிடம் என்றால் யாரும் பார்க்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல. ஒவ்வொரு படிவத்தையும் இருவர் தனித்தனியே பதிந்து ஒப்பிட வேண்டும்.

இல்லாத தரவைப் பற்றிக் கற்பிக்க வன்னியைவிடப் பொருத்தமான இடம் குறைவு. 1981க்குப் பிறகு முழு நாட்டையும் தழுவிய தொகைமதிப்பு 2012இல்தான் நடந்தது. 2001இல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எடுக்கவே முடியவில்லை. வவுனியாவிலும் மன்னாரிலும் ஒரு பகுதிதான். இரண்டு புள்ளிக்கும் இடையில் ஒரு நேர்கோட்டை இழுத்து 1995க்கும் 2008க்கும் ஒரு சனத்தொகை எழுதுவது சுலபம். ஆனால் அந்த 31 வருடத்துக்குள் ஊர் ஊராகச் சனம் இடம்பெயர்ந்தது. தரவு இல்லாமற் போனதற்கும் சனம் இல்லாமற் போனதற்கும் காரணம் ஒன்றே. அப்படியான இடைவெளியை எழுமாறாகத் தவறிப்போன தரவு என்று கொண்டு நிரப்பும் முறைகள் இங்கே செல்லாது. எந்த எடுகோள் எந்த இடத்தில் முறிகிறது என்பதை மாணவர் தன் தாய் தகப்பன் வாழ்ந்த ஊரின் அட்டவணையில் பார்த்தால் மறக்கமாட்டார்.

வரைவிலக்கணமும் அப்படித்தான். ‘வன்னி’ என்று தலைப்பிட்டு வரும் அட்டவணை தேர்தல் மாவட்டத்தைக் குறித்தால் அதில் கிளிநொச்சி இல்லை. அது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் வரும். நிர்வாக மாவட்டக் கணக்கோடு அதை ஒட்டினால் ஒரு மாவட்டம் முழுதும் காணாமற் போகும்.

பல்கலைக்கழகத்துக்குள் வரும் ஒவ்வொரு பிள்ளையும் இசட் புள்ளியால் அளக்கப்பட்டே வருகிறது. புள்ளியிலிருந்து இடையைக் கழித்து நியம விலகலால் வகுப்பது, அவ்வளவுதான். 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்திலும் புதியதிலும் எழுதியவர்களை ஒரே குடித்தொகையாக (கணிப்புக்கு எடுக்கும் ஒரே முழுக் கூட்டமாக) கொண்டு கணித்த புள்ளிகளை உயர் நீதிமன்றம் 2012இல் ஏற்க மறுத்து, இரண்டையும் வேறாகக் கணிக்கச் சொன்னது. குடித்தொகை எது என்ற கேள்விக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் முதல் வருடத்துக்குக் கிடைக்காது.

சொற்களைப் பற்றியும் ஒரு விண்ணப்பம். மாணவர் தமிழில் இடை, இடையம், ஆகாரம், மாறற்றிறன், பிற்செலவு என்று படித்துவிட்டு வருகிறார், விரிவுரை ஆங்கிலத்தில். முதல் தவணையிலேயே சொல் தடுக்கினால் கருத்தும் தடுக்கும். இருநூறு கலைச்சொற்களுக்கு ஒரு மும்மொழிப் பட்டியலை முதல் வாரத்திலேயே கையில் கொடுங்கள். வினாக்கொத்தைத் தமிழிலேயே எழுதப் பழக்குங்கள். ஆங்கிலத்தில் எழுதி மாணவர் வயலில் நின்று மனத்துக்குள் மொழிபெயர்த்துக் கேட்டால், ஐந்து மாணவர் ஐந்து கேள்வி கேட்பார்கள். “போன போகம் எவ்வளவு விளைஞ்சது?” என்ற ஒரு கேள்விக்குள்ளேயே எந்தப் போகம், எந்தக் காணி, ஈர நெல்லா காய்ந்த நெல்லா, மூடை எத்தனை கிலோ என்று நான்கு கேள்விகள் இருக்கின்றன.

சனத்தைப் பற்றி. வன்னிச் சனம் 2009க்குப் பிறகு நிறையப் படிவங்களுக்குப் பதில் சொல்லிவிட்டது. கொப்பியோடு யார் வந்தாலும் ஏதோ உதவி வரும் என்று நினைப்பதும், அதற்கேற்ப இழப்பைக் கூட்டிச் சொல்வதும் அவர்களின் பிழை இல்லை. இது கற்கைக்கானது, நிவாரணத்துக்கானது இல்லை என்பதை முதல் வசனத்திலேயே சொல்ல வேண்டும். அடையாள அட்டை இலக்கம் எடுக்கக் கூடாது. வெட்டிய நெல்லை அங்கேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். முடிவு வந்ததும் ஒரு பக்கத்தில், தமிழில், ஏக்கரும் புசலுமாக எழுதி ஒவ்வொரு கமக்காரர் அமைப்பிடமும் சேர்க்க வேண்டும். அந்தப் பக்கம் சேராவிட்டால் பாடத்துக்குப் புள்ளி கொடுக்காதீர்கள்.

எழுமாற்று எண்ணுக்குக் கண் இல்லை. முகமாலைப் பக்கம் போன்ற இடங்களில் மிதிவெடி அகற்றி விடுவிக்கப்படாத நிலம் சட்டகத்துக்குள்ளேயே வரக் கூடாது. மாவட்டச் செயலகத்திலும் கிராம அலுவலரிடமும் உறுதிப்படுத்திய பிறகே கிராமத் தெரிவு நடக்க வேண்டும். விட்ட நிலத்தின் அளவை அறிக்கையில் குறிப்பிட வேண்டும். பாம்புக்கடிக்கு அருகிலுள்ள வைத்தியசாலை எது என்பது ஒவ்வொரு குழுத் தலைவரின் கொப்பியிலும் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

கடைசியாக நாட்காட்டி. அருவி வெட்டு தை பிறந்து தொடங்கும், மாசி கடந்தும் இழுபடும். அந்தக் காலத்தில் தவணைப் பரீட்சை வைத்தால் பாடம் கடதாசியில்தான் இருக்கும். மெசின் இரவோடிரவாக வந்து வெட்டிவிட்டுப் போகும். மாணவர் விடிய வரும்போது அடிக்கட்டைதான் நிற்கும். மெசின் முதலில் போவது பெரிய, சேறில்லாத வயல்களுக்கு என்பதால் தவறிப்போகும் வயல்களும் எழுமாறானவை இல்லை. ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு மாணவர் வாரம் இரண்டு முறை தொலைபேசியில் கமக்காரரைக் கேட்டு வெட்டு நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். தவறிய வயலை அயல் வயலால் நிரப்பாமல் தவறியது என்றே பதிய வேண்டும். சட்டகம் ஐப்பசி முடிவுக்குள், கிராமத் தெரிவு கார்த்திகைக்குள், வினாக்கொத்தின் முன்சோதனை மார்கழி விடுமுறைக்குமுன். தராசுகளையும் ஈரப்பத மானிகளையும் மார்கழிக்குள் சோதித்து, மானியின் காட்டுகையை அடுப்பில் உலர்த்தி நிறுத்த நெல்லோடு ஒப்பிட்டு வையுங்கள். தை பிறந்த பிறகு அதற்கு நேரம் இருக்காது.

அன்புடன்,
வன்னியில் புள்ளிவிபரவியல் கற்பிப்போரும் களத்தில் பயன்படுத்துவோரும்